அவங்க

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவருடைய வேலை. வயது முப்பத்திரண்டு. ஒட்ட வெட்டிய தலை, தொளதொளச் சட்டை, காதில் சின்னக் கம்மல். கடைக்காரர் ‘அவள்’ என்பார். வாடிக்கையாளர்கள் ‘தம்பி’ என்பார்கள். இரண்டுமே இரவல் சட்டை மாதிரி எங்கேயோ இறுக்கிப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை தன்னை ‘அவள்’ என்று சொல்ல வேண்டாம் என்று கேட்கப்போய் மூன்று வருடம் கேலி கேட்டவர், பிறகு வாயே திறக்கவில்லை.

கண் பரிசோதனைக்குப் புதிதாக வந்த பெண்மணி முதல் நாளே, “லென்ஸ் அவங்ககிட்ட இருக்கு, கொண்டு வருவாங்க” என்றார். பத்து வயது மூத்தவர் தன்னை எதற்கு இப்படி மரியாதையாகச் சொல்ல வேண்டும்? நக்கல்தான் என்று பின்னறையில் இருந்தவர் முடிவு கட்டினார். அந்தப் பெண்மணி நீட்டிய டீயைக்கூடத் தொடவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது சிரித்தால், மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்.

ஒரு மத்தியானம், சட்டையில் குத்தும் பெயர் அட்டைக்காகக் கடைக்காரர் பட்டியல் எழுதினார். பின்னறையில் இருப்பதற்குத் திரு போடுவதா, செல்வி போடுவதா என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டார்.

“அவங்களைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?”

தடுப்புக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்தக் குரலில் சிரிப்பு தெரியவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது. சாயங்காலம் ஷட்டர் இறக்கும்போது நேராகவே கேட்டுவிட்டார்.

“என்னை ஏன் ‘அவங்க’ன்னு சொல்றீங்க? கிண்டலா?”

“தெரியாம ஒண்ணைச் சொல்லி வைக்க மனசு வரலை. வேற எப்படிச் சொல்லணும்னு சொல்லுங்க, மாத்திக்கறேன்.”

மாற்ற வேண்டாம், அதுவே இருக்கட்டும் என்றார். அட்டையில் பெயர் மட்டும் போதும் என்று மறுநாள் கடைக்காரரிடமும் சொன்னார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, “வந்தாச்சா? சாப்பிட்டாச்சா?” என்றார். முன்பெல்லாம் ‘வாம்மா’ என்று கூப்பிட்டவர்தான். சில வருடங்களாக இப்படி மொட்டையாகப் பேசுகிறார். வெறுப்பில்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தவர், இன்று காரணம் கேட்டார்.

“அம்மான்னா உன் முகம் சுண்டிப்போகுது. ஐயான்னு கூப்பிட நீ சொல்லலை. நான் என்ன பண்றது?”

“ரெண்டும் வேணாம்ப்பா. நான் ஆணும் இல்லை, பொண்ணும் இல்லை.”

அந்த வார்த்தைகளை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்பா துண்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். “அப்ப வெறும் ‘வா’ போதுமா?”

“போதும்.”

மறுநாள் காலையில் “வா, சாப்பிடலாம்” என்றார் அப்பா. குரலில் கசப்பு இருக்கிறதா என்று அவர் உற்றுக் கேட்டார். இல்லை என்றுதான் பட்டது. ஆனாலும் ஒரு வாரம் கேட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினார்.