மூலையில் எறிந்த பந்துகள்

பேஸ்போல் ஆட்டத்தில் மாற்றுப் பிட்சர் என்று ஒரு பிறவி உண்டு. ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் அடி வாங்கினாலோ களைத்துப்போனாலோ இடையில் வந்து பந்தெறிகிறவன். கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டு வேட்டி, தலைப்பாகை எல்லாம் உண்டு. தாலி கட்டுவது வேறு ஆள். எழுபதுகளின் நடுவிலிருந்து அந்தத் தசாப்தம் முடியும்வரை மெல்பேர்ணிலும் சிட்னியிலும் நான் அந்தப் பிறவியாக இருந்தேன். அத்தனை காலமும் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஆட்டத்தை முதல் பந்திலிருந்து நான் தொடங்க வேண்டும், நானே முடிக்கவும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு வேகப்பந்து வீசியவன் நான். கடைசி வருடத்தில் ஒரு நடுவர், என் முழங்கை மடங்குகிறது, இது வீச்சு இல்லை எறி என்று சொல்லி, பந்துக்குப் பந்து ‘நோபோல்’ கொடுத்துக்கொண்டே நின்றார். அத்தோடு என் கிரிக்கெட் முடிந்தது. பிறகு இயந்திரப் படம் வரையப் படித்து, மனைவியோடு மெல்பேர்ணுக்கு வந்தால், இங்கே என் சான்றிதழை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டண்டினொங்கில் கார்ப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில், தகடு அழுத்தும் இயந்திரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காலையில் தொடங்கினால் மாலையில்தான் காது திரும்பக் கேட்கும். ஒரு மத்தியானம் முற்றத்தில் நாலைந்து பேர் பந்தெறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தவறவிட்ட பந்து என் காலடியில் வந்து நின்றது. எடுத்துத் திருப்பி எறிந்தேன். எங்களை மேய்க்கும் மேற்பார்வையாளர், போர்மன், தின்றுகொண்டிருந்த சான்ட்விச்சை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அந்த வட்டாரத்துப் பேஸ்போல் கிளப்புக்குக் கோச்சும் அவர்தான்.

ஊரில் குற்றமாயிருந்த முழங்கை இங்கே தொழிலாகிவிட்டது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கிளப் கொஞ்சம் கொடுத்தது. அடுத்த கிழமையே என்னை இயந்திரத்திலிருந்து எடுத்துக் களஞ்சியத்தில் லேசான வேலைக்கு மாற்றினார்கள். கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றார் போர்மன். என் கை கிளப்பிடம், கிளப் போர்மனிடம், என் சோறும் போர்மனிடம். எனக்கு அது அன்று விளங்கவில்லை. சந்தோஷத்தில் மனிதனுக்குக் கண் தெரியாது.

முதல் ஆட்டத்தில் அவர் என்னைத்தான் தொடக்கப் பிட்சராக இறக்கினார். குளிர்காலச் சனிக்கிழமை, இங்கே அப்போது பலர் கோடையில் கிரிக்கெட்டும் குளிரில் பேஸ்போலும் ஆடுவார்கள். முதல் மூன்று சுற்றும் ஒருவனாலும் என் பந்தைத் தொட முடியவில்லை. நாலாவதில் குளிருக்குத் தோள் இறுகியது. வேகப்பந்து வீச்சாளன் அப்படி நேரத்தில் என்ன செய்வான்? பந்தை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, எல்லைக்கோட்டருகே போய் நின்று, மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப வருவான். நானும் அதையே செய்தேன். கோச்சிடம் போய், “இப்போதைக்கு வேறு ஆளைப் போடுங்கள்” என்றேன். “நிச்சயமாகவா?” என்று கேட்டார். “நிச்சயமாக” என்றேன். பேஸ்போலில் ஒருமுறை வெளியே வந்தால் அந்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே போக முடியாது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. நான் முகம் கழுவி, கையைச் சுழற்றிச் சூடாக்கி, இரண்டு சுற்றுக் கழித்து ஒருவரும் கூப்பிடாமல் மைதானத்துக்குள் நடந்துபோனேன். நடுவர் என்னை வெளியே திருப்பி அனுப்பினார். இரண்டு அணிகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

முதல் கோணல் முற்றும் கோணல். கிரிக்கெட்டில் எங்கள் வழக்கம் இப்படி என்று கோச்சுக்கு விளக்கமாகச் சொன்னேன். கேட்டார், சிரித்தார், முதுகில் தட்டினார். ஆனால் அவர் மனதில் ஒரு தீர்ப்பு விழுந்துவிட்டது: இவன் மூன்று சுற்றில் தானாகக் கேட்டு வெளியே வந்தவன், தொடக்கத்துக்குத் தாங்கமாட்டான், கடைசியில் இறக்கினால் நல்லவன்.

அன்றிலிருந்து என் இடம் மைதானத்தின் மூலை. மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் அந்தக் கம்பிவேலி ஓரத்துக்கு ஆங்கிலத்தில் மாட்டுப்பட்டி என்று பெயர். பெயர் வைத்தவனுக்குக் கோயில் கட்டலாம். கோச் தூரத்தில் நின்று கையைத் தூக்குவார். நான் எழுந்து, மேலங்கியைக் கழற்றிவிட்டு எறியத் தொடங்க வேண்டும். அடுத்த நிமிடமே கூப்பிடக்கூடும் என்பதால் அரைமனதோடு எறிய முடியாது, முழு வேகம். தொடக்கப் பிட்சர் எப்படியோ தப்பிவிட்டால் கோச் கையை இறக்குவார். நான் பெஞ்சில் போய் இருக்க வேண்டும். வியர்வை காயுமுன் கை மறுபடி மேலே போகும். அவருக்கு அது கை தூக்குவதுதானே, நோகாது. இப்படி எழும்புவதும் இருப்பதுமாக ஒரு முழு ஆட்டத்துக்கான பந்துகளை மூலையில் எறிந்துவிட்டு, மைதானத்தில் கால் வைக்காமலே வீட்டுக்குப் போன சனிக்கிழமைகள் பல. அந்தப் பந்துகளை ஒருவரும் கணக்கில் எழுதுவதில்லை.

மனைவி குளிருக்குப் பயந்து வேலியோரம் நிறுத்திய காருக்குள்ளேயே இருப்பாள். ஆட்டம் முடிந்து வந்து ஏறினால் என் வெள்ளைக் கால்சட்டையைப் பார்ப்பாள். ஒரு துளி மண் இருக்காது.

“இண்டைக்கும் தோய்க்கத் தேவையில்லைப் போல,” என்பாள்.

எனக்குக் கோபம் வரும். கிளேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு வரும்வரை ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுவேன்.

ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் சிட்னிக்குப் போனோம். நார்த்மீட்டில் மனைவியின் தமையன் இருந்தார். பக்கத்திலே ஒரு கிளப்பும் இருந்தது. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இல்லை, புதிதாகத் தொடங்கலாம் என்று நினைத்தேன். அந்தக் கோச் என் எறியைப் பார்த்து வாயைப் பிளந்தார். பிறகு நல்ல மனிதராக மெல்பேர்ணுக்கு ஒரு போன் போட்டு, இவன் எப்படி என்று விசாரித்தார். அடுத்த சனிக்கிழமை என் தோளில் கைபோட்டு மூலையைக் காட்டினார். அடுத்த குளிர்காலம் இன்னொரு கிளப். அங்கேயும் ஒரு மூலை இருந்தது. கெட்ட பெயர் என்றால் மறுத்துப் பேசலாம். என்னைப் பற்றிப் போனது நல்ல பெயர்: ‘கடைசி நேரத்தில் பதறாதவன்’. அதை எப்படி மறுப்பது?

சிட்னியில் பகல் வேலையும் சரியாக அமையவில்லை. களஞ்சிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று பழைய போர்மன் சொல்லியனுப்பினார். வெட்கத்தைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு திரும்பினேன்.

“இந்தப் பந்து எறியிறதை விட்டுப்போடுங்கோவன்,” என்றாள் மனைவி, குசினியில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்தபடி. முழங்கை அப்போது நோகத் தொடங்கியிருந்தது. ஒத்தடம் அவள் கைவேலை.

“விட்டா திரும்ப அந்த மெஷினுக்குத்தான் போகவேணும்.”

“போனா என்ன? மற்ற ஆக்கள் வேலை செய்யேல்லையே?”

“ஒரு மட்ச். ஒரு மட்ச் தொடங்கிப்போட்டு விடுறன்.”

“இலவு காத்த கிளியும் இப்பிடித்தான் சொல்லியிருக்கும்.”

அந்த வருடம் நான் கோச்சிடம் நேராகவே கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, உண்மையான அன்போடு சொன்னார்: “உன்னைத் தொடக்கத்தில் போட்டுவிட்டால், கடைசியில் நான் யாரை நம்புவது?” பால் தருகிற மாட்டைத்தான் இறுக்கிக் கட்டுவார்கள். மோசமாக எறிந்து காட்டலாமா என்றுகூட எண்ணினேன். ஆனால் பந்து கைக்கு வந்ததும் அந்த எண்ணம் போய்விடும். அதுவும் ஒரு சிறைதான், எனக்கு நானே கட்டியது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தொடக்கப் பிட்சர் தொழிற்சாலைத் தரையில் எண்ணெயில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். போர்மன் களஞ்சியத்துக்கு வந்து, “நாளைக்கு நீ தொடங்கு” என்றார். யார் துன்பத்திலும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. முழங்கை நோவைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் நடு மைதானத்தில், பிட்சர் நின்று எறியும் மண்மேட்டில், ஒருவரும் மிதிக்காத புது மண்ணில் நான் நின்றேன். இதுவரை நான் போனபோதெல்லாம் அது வேறொருவன் குழி தோண்டிவிட்டுப் போன இடமாக இருந்தது. முதல் பந்து நினைத்த இடத்தில் போய் விழுந்தது. முதல் சுற்றில் அடிக்க வந்த மூன்று பேரும் வந்த வழியே போனார்கள். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். இரண்டாவது சுற்றில் ஒரு பந்தை விடும்போது முழங்கைக்குள் பச்சைத் தடி முறிகிற மாதிரி ஏதோ போயிற்று. பந்து பாதி வழியில் விழுந்து உருண்டது. விரல்கள் மடங்க மறுத்தன. கோச் நடந்து வந்தார்.

“அதற்குள் களைத்துவிட்டதா?” என்று கேட்டார்.

அவரை எல்லாவற்றுக்கும் மன்னித்திருக்கிறேன், அந்தக் கேள்விக்கு மட்டும் இல்லை.

அவர்தான் எங்களைத் தன் காரில் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் முழங்கையை அழுத்தியும் திருப்பியும் பார்த்துவிட்டு, எவ்வளவு காலமாகத் தொடக்கப் பிட்சர் என்று கேட்டார்.

“இன்றைக்குத்தான்,” என்றேன்.

“இது தேய்ந்து முடிந்த கை. இனி எறிய முடியாது. பாரம் தூக்கும் வேலையும் கூடாது.”

“இருக்காது,” என்றார் கோச். “இவன் மாற்றுப் பிட்சர். எறிந்ததே கொஞ்சம்.”

மனைவி இத்தனை வருடத்தில் அவரோடு வணக்கத்துக்கு மேல் பேசியவளல்ல. கதிரையை விட்டு எழுந்து, ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர் அந்த மூலையில் எறிந்தார். நான் காருக்குள் இருந்து பார்த்தேன். நீங்கள் கையைத் தூக்குவதையும் பார்த்தேன்.

கோச்சுக்கு அது உண்மையிலேயே விளங்கவில்லை. கெட்ட மனிதரல்ல அவர். “ஆனால் அதெல்லாம் கணக்கில் வராதே, அம்மா,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, என் நல்ல தோளைப் பிடித்து, “கவலைப்படாதே. களஞ்சிய வேலை எப்போதும் உனக்குத்தான். நான் இருக்கும்வரை உன்னை யாரும் அசைக்க முடியாது,” என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். “அப்ப இவ்வளவு காலமும் நீங்கள் ஆருக்கு எறிஞ்சனீங்கள்? இந்த மனிசனைக் கேளுங்கோ. இப்பவே கேளுங்கோ.”

“என்ன சொல்கிறாள்?” என்றார் கோச்.

என் கை மேசையில் விரிந்து கிடந்தது. அந்தக் கையோடு நான் வேறு எந்த வாசலில் போய் வேலை கேட்பது?

“உங்களுக்கு நன்றி சொல்கிறாள்,” என்றேன்.

மனைவி என் முகத்தைப் பார்க்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.