மிதக்கும் பை

எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டு நடக்கிற ஊரில் எந்தப் பொருளுக்கும் எடை கிடையாது. இன்னும் சில நூற்றாண்டு கழித்து நடக்கிற கதை. விண்கலம், பீரங்கி எல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊர் ஜனங்கள் வீட்டுச் சாமானை எப்படித் தூக்கிப் போவார்கள் என்று யோசிப்பது என் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடியில் உட்கார்ந்து, மாதக் கணக்கில் இதைத்தான் செய்தேன். ஊரிலிருந்து அப்பா "என்ன வேலைம்மா பாக்குற?" என்று கேட்டால், கம்ப்யூட்டர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

எடையில்லை என்று சொல்வது சுலபம். தண்ணீர் கேனை மிதக்கவிட்டால் நேரே போய்ச் சீலிங்கில் முட்டும். அதனால் இடுப்புயரத்துக்கு மேல் போகாதபடி வைத்தேன். கேஸ் சிலிண்டரைத் தள்ளிவிட்டால் நிற்காது. எடைதான் போகிறது, போகிற வேகம் போவதில்லை. அதற்கு ஒரு பிரேக். இப்படி ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்டிக் கடைசியாகச் செய்தது ஒரு பை. பைக்குச் சொந்தக்காரர் பின்னாலேயே மிதந்து வரும். அடுத்தவர் கை பட்டால் அசையாது. வால்பை என்று பெயர் வைத்தேன். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

காரணம், நான் தினமும் வருகிற ஆவடி லோக்கல் ரயில். கோவில்பதாகை வீட்டிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்து ஆவடியில் ஏறுவதால் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். கிடைத்தால் மட்டும் நிம்மதியா? நிற்கிறவர்கள் தங்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைப்பது இங்கே வழக்கம். "இந்தாக்கா" என்று ஒன்று வரும், அதன் மேல் இன்னொன்று. டிபன் பாக்ஸ் குத்தும், தண்ணீர் பாட்டில் ஒழுகும். நான் என்ன பரணா என்று எரிச்சல் எரிச்சலாக வரும். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் வால்பை.

அதை எங்கள் டீம் லீடிடம் ஓட்டிக் காட்டவேண்டிய அன்று காலை, ரயிலில் ஒரு பெண் கறுப்புப் பை ஒன்றை என் மடியில் வைத்தாள். காலேஜ் முடித்த புதிது மாதிரி இருந்தாள். அம்பத்தூரில் இறங்குகிற கூட்டம் அவளையும் சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவள் திரும்பி ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பை என்னிடம்.

அடுத்த ஸ்டேஷன் பட்டரவாக்கம், நான் இறங்கவேண்டிய இடம். பையோடு இறங்கினேன். உள்ளே போன் அடித்தது. எடுத்தால் அவளேதான், யார் போனையோ வாங்கிப் பேசுகிறாள். அழுகை.

"அக்கா, பேகு உங்களாண்டதான கீது? பெரம்பூர்ல இன்டர்வியூக்கா. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டு மொத்தமும் அதுலதான் கீது. பூடாதீங்கக்கா."

எனக்கு வந்ததே கோபம்! "உனக்கு அறிவு கிறிவு இருக்கா? ஒரிஜினலைக் கொண்டுபோய் முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட குடுப்பியா?"

"நீங்க குந்தினு இருந்தீங்க, நான் நின்னுகினு இருந்தேன். வேற யாராண்ட குடுக்கறது?"

பட்டரவாக்கத்தில் நிற்கிறேன், அடுத்த வண்டியில் லேடீஸ் பெட்டி வாசலில் நின்றுகொண்டு வா, இறங்காதே, பையை உன் கையில் தருகிறேன் என்றேன். ஆபீசிலிருந்து போன் மேல் போன். நான் எடுக்கவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். முகம் தெரியாத வீட்டில் யார் யாரோ பாடுபட்டுப் படிக்கவைத்த படிப்பு முழுக்க என் கையில் இருந்தது. பயமாகத்தான் இருந்தது.

வண்டி வந்தது. வாசலில் நின்றபடியே இரண்டு கையையும் நீட்டினாள். முகமெல்லாம் வியர்வை. கொடுத்தேன். "எல்லாம் இருக்கான்னு தொறந்து பாரு" என்றேன். "அதெல்லாம் இருக்கும்கா" என்று சிரித்துவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தாள். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பி வழியே பார்க்கிறேன், உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"அடிப்பாவி!" என்று கத்தியேவிட்டேன். பிளாட்பாரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபீசுக்குப் போனபோது, நானில்லாமலே வால்பையை ஓட்டிக் காட்டி முடித்திருந்தார்கள். லீடுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அதை மாற்றவேண்டும் என்று அவரிடம் சொன்னேன். பையை யார் கையிலும் கொடுக்க முடியவேண்டும். வாங்கினவரோடு அது இருக்கவேண்டும்.

"வாங்கினவன் தூக்கிட்டு ஓடிட்டா?" என்று கேட்டார்.

"சில பேர் ஓடுவாங்கதான் சார்," என்றேன். "இருந்தாலும் வைங்க."