ஐந்து பேரில் ஒருவர், ஒன்பது பேரில் ஒருவர்

யூட் அண்ணன் போய்விட்டார். இன்று காலை இத்தாலியில் பலெர்மோவிலிருந்து அவருடைய மகள் ஷாலினி போன் எடுத்துச் சொன்னாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் பலெர்மோவில் எங்கள் பாஸ்கெட்பால் டீமின் ஸ்டார் அவர். மன்னார்க்காரர், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஆடியவர், பனை உயரம்.

அப்போது எங்கள் எல்லோருக்கும் வீட்டு வேலைதான். ஞாயிற்றுக்கிழமையும் வியாழன் பின்னேரமும் லீவு. ஞாயிறு பூசைக்கு, வியாழன் பாஸ்கெட்பாலுக்கு... அல்பெர்கேரியா பகுதியில் கோயில் முற்றத்தில் ஒரு கோர்ட் இருந்தது.

அண்ணன் வந்தால் வெல்வோம், வராவிட்டால் தோற்போம். எங்கள் strategy அவ்வளவுதான். மற்ற நாலு பேரும் பந்து கைக்கு வந்தால் போதும், சுடுகிற சட்டியைத் தொட்ட மாதிரி உடனே அவரிடம் தள்ளிவிடுவோம்.

பிறகு ரெனாட்டோ என்று ஓர் இத்தாலியன் வந்து சேர்ந்தான். பேஸ்பால் பைத்தியம். பூசை முடிந்ததும் எங்களை ஃபவோரித்தா பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போவான். எங்களுக்கு அது ஊரில் மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடி ஆடிய எல்லே மாதிரி இருந்ததால் சட்டென்று பிடித்துக்கொண்டோம்.

அங்கே அண்ணனின் ஸ்டார் பவர் பலிக்கவில்லை! ஒரு அடி தூரமாக அடிப்பார், பிறகு மற்ற எட்டுப் பேரும் அடித்து முடிக்கும்வரை புல்லில் உட்கார்ந்திருப்பார். ஃபீல்டிங்கில் தூரத்தில் போய் நிற்பார், பந்து அந்தப் பக்கமே போகாது.

நான் விடுவேனா... ஐந்து பேரில் ஒருவர் என்றால் ஒவ்வொரு பந்தும் உங்கள் கைக்கு வரும், ஒன்பது பேரில் ஒருவர் என்றால் கியூவில் நிற்கவேண்டும், ஸ்டாருக்கு மதிப்பு பாஸ்கெட்பாலில்தான் என்று வாதாடுவேன். விளையாட்டைவிட எனக்கு வாய்தான் பெரிது.

அவர் சிரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னார். "எனக்கு இதுதான் விருப்பமடா. இதிலை நான் இல்லாட்டியும் விளையாட்டு நடக்கும்."

அதை நான் பகிடி என்று நினைத்தேன்.

அந்த வருடம் கோயில் திருநாளுக்கு மொரீஷியஸ் பெடியன்களோடு பாஸ்கெட்பால் மேட்ச். போன தடவை எங்களைத் துவைத்துக் காயப்போட்டவர்கள். வியாழக்கிழமை, பின்னேரம்.

அன்று பார்த்து அண்ணனுக்கு லீவு இல்லை. அவர் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா வெளியே போகவேண்டியிருந்ததால், நடக்க முடியாத தன் தாயோடு இருக்கச் சொல்லிவிட்டாள். பொலிதேயாமா பக்கம், மூன்றாம் மாடி.

நான் போய்க் கீழே நின்று பெல்லை அடித்தேன்.

"ஏலாதடா. மனுசி தனிய இருக்கு," என்று இன்டர்காமில் சொன்னார்.

"பேஸ்பால் எண்டால் எப்பிடியும் சமாளிப்பம் அண்ணை. இதிலை நீங்கள் இல்லாட்டி நாங்கள் இல்லை."

"ஏலாதெண்டால் ஏலாது," என்று வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன். திரும்பவும்... கடைசியில் வாசல் காவல்காரரின் மனைவியை இரண்டு மணித்தியாலம் கிழவியோடு இருக்கச் சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

வென்றோம். ஏறக்குறைய எல்லாப் புள்ளியும் அவர்தான். தோளில் தூக்கிக்கொண்டு பலாரோ சந்தையைச் சுற்றி வந்தோம், மீன் கடைக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள்.

சிஞ்ஞோரா நேரத்தோடு வீடு திரும்பிவிட்டாள். கிழவிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அடுத்த நாள் அண்ணனின் பை வாசலில் இருந்தது.

அங்கே வேலை போனால் கொன்த்ராத்தோ, அதாவது வேலை ஒப்பந்தம், போகும். அது இல்லாமல் அந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. ஊரில் இருந்த மேரி அண்ணியையும் சின்னஞ்சிறு ஷாலினியையும் கூப்பிடக் கொடுத்திருந்த பேப்பர்கள் எல்லாம் திரும்ப முதலிலிருந்து... அவர்கள் வந்து சேர மேலும் இரண்டு வருடம் ஆனது.

ரயில் ஸ்தாசியோனே பக்கத்து டெலிபோன் கடையிலிருந்து அண்ணிக்கு அவர் பேசியபோது நான் பக்கத்தில் நின்றேன். "அந்த வேலை பிடிக்கேல்லை, விட்டிட்டன்" என்றார். நான் ரிசீவரை வாங்கக் கை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார்.

பிறகு என்னோடு மாடிப்படி கழுவும் வேலைக்கு வந்தார். மூன்று வருடம் ஒரே கட்டடங்களில் வாளியும் கையுமாக ஏறி இறங்கினோம். தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றுகிறேன் என்று அவரிடம் பேச்சு விழும்... அந்த மேட்சைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அண்ணி வந்த பிறகு அவர்கள் வீட்டில்தான் எனக்கு ஞாயிறு மதியச் சாப்பாடு. சோறு போட்டுக்கொண்டே அண்ணி சொல்லுவார், "இவருக்கு ஒரு இடத்திலை பொறுமையா இருந்து வேலை செய்ய ஏலாது தம்பி. அதாலைதான் என்ரை பிள்ளை ரெண்டு வருசம் தேப்பனைக் காணேல்லை."

அண்ணன் சிரிப்பார். என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டு வைப்பார்.

நான் அதையும் தின்றேன். வெட்கமாக இருக்கிறது.

நான் இங்கிலாந்துக்கு வந்த பிறகும் எத்தனையோ தடவை போனில் கதைத்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அண்ணியிடம் கொடுங்கோ, ஒன்று சொல்லவேணும் என்பேன். "பழசை விடு, பிள்ளையள் எப்பிடி?" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இன்று காலை ஷாலினி போனை அண்ணியிடம் கொடுத்தாள். அழுதுகொண்டே அண்ணி சொன்னார், "இருந்த காலத்திலை ரெண்டு வருசத்தைச் சும்மா வீணாக்கிப்போட்டார் தம்பி..."

நான் "ஓம் அண்ணி" என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.

அண்ணி, ஷாலினி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். அவர் வேலையை விடவில்லை. இரண்டு தரம் வரமாட்டேன் என்றார், நான்தான் கீழே நின்று விடாமல் பெல் அடித்தேன்.

கோபத்தை இனி என்னில் வையுங்கள். அவரை ஒரு குறையும் சொல்லாமல் வழியனுப்புங்கள்.

போயிட்டு வாங்கோ அண்ணை.