ஆறடி ஹோர்னும் சேகு நானாவின் காதும்

1. கைதட்டல்

நான் சொந்தமாகச் செய்த முதல் ஒலிபெருக்கி ஹோர்ன் பேசிய அன்று, புத்தளத்துக் கடல்நீர்க் களப்போரத்து உப்பளத்தின் வாசலில் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் கூசுகிறது.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருடங்கள் அவை. கொழும்பில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை பழகிவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். தொழில் கொஞ்சம் தெரியும், தலைக்கனம் நிறைய. உப்பள மனேஜர் என்னைக் கூப்பிட்டார். மழை இருட்டினால் குவித்த உப்பைத் தென்னோலைக் கிடுகு போட்டு மூட வேண்டும். வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்துத்தான் அதுவரை ஆட்களுக்கு அறிவித்தார்கள்.

"அடிச்சா மூடச் சொல்றாங்க எண்டு விளங்கும். எந்தக் குவியலை முதல்ல மூடுற எண்டு தண்டவாளம் சொல்லுமா? நீர் ஒரு ஸ்பீக்கர் செய்து தாரும், அந்தோனி" என்றார்.

மைக்கும், சத்தத்தைப் பெருக்கும் வால்வு செற்றும், ஒலி எழுப்பும் யூனிட்டும் கொழும்பிலிருந்து வந்தன. ஹோர்ன் மட்டும் என் கைவேலை. கடதாசியில் இரண்டு மாதிரி வெட்டினேன். ஒன்று குட்டையானது, வாய் சீக்கிரமே விரியும். அதில் சத்தம் பரந்து போகும், ஆனால் தூரம் போகாது. மற்றது நீளமானது. யூனிட் பூட்டும் தொண்டை ஓர் அங்குலம். அங்கிருந்து ஒவ்வோர் எட்டு அங்குலத்துக்கும் குறுக்குப் பரப்பு இரண்டு மடங்காகும். மொத்தம் ஆறடி, வாய் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. அதன் சத்தம் நேரே வெகுதூரம் போகும்.

உப்புப் பாத்திகள் வாசலுக்குத் தெற்கிலும் மேற்கிலும் விரிந்து கிடந்தன. அந்த இடத்துக்குக் குட்டையில் இரண்டு வேண்டும். ஆனால் பார்வைக்கு எடுப்பாக இருந்தது நீளமானதுதான். அதையே எடுத்தேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஈயம் பற்றவைத்து, அதிராமல் இருக்கக் கயிறு சுற்றித் தார் பூசினேன். ஹோர்னை நிறுத்த நல்ல கால் கிடைக்கவில்லை. "இனி அது எதுக்கு ஐயா?" என்று மனேஜரிடம் கேட்டு, அந்தத் தண்டவாளத்தையே கழற்றிச் சீமெந்தில் நட்டேன். ஹோர்னின் வாயைத் தெற்கே திருப்பினேன்.

2. சோதனை

மேற்குப் பாத்திகளின் கங்காணி சேகு நானா. அரை மைல் தள்ளி அவருடைய இடத்திலேயே நின்று கேட்கச் சொல்லியிருந்தேன். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"எப்பிடி நானா?"

"சத்தம் வருது தம்பி. சொல்லு வரல்ல. ஆ, ஊ எண்டுதான் கேக்குது."

ஹோர்ன் வேலை தெரிந்தவனுக்கு இந்த ஒரு வார்த்தை போதும். நீள ஹோர்னில் கீச்சான ஒலிகள் நேர்கோட்டில்தான் போகும். பேச்சைப் பேச்சாக்குவது அவைதான். பக்கவாட்டில் நிற்பவருக்கு மிஞ்சுவது வெறும் முழக்கம். கொழும்பில் எனக்கு இதைச் சொல்லியே தந்திருந்தார்கள். ஆனால் மனேஜர் பக்கத்தில் நின்றார். கைதட்டியவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நானாவுக்குக் காது மந்தம் போல. வயசு போகுதுதானே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மனேஜரும் சிரித்தார். சேகு நானா தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்கும்" என்றார்.

3. மழை

அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்த ஹோர்னில் ஏதாவது பேசிக்கொண்டே இருப்போம். ஆளைக் கூப்பிடுவதும் அதில்தான், தேத்தண்ணீர் நேரம் சொல்வதும் அதில்தான். மேற்கில் நின்றவர்களுக்கு எல்லாம் ஒரே முழக்கம். அவர்கள் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஒரு பின்னேரம் களப்புக்கு மேலே வானம் கறுத்தது. "மேற்குக் குவியலை முதல்ல மூடுங்க!" என்று மனேஜர் மைக்கில் கத்தினார். தெற்கில் நின்றவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் குவியல்களை விட்டுவிட்டு மேற்கே ஓடத் தொடங்கினார்கள். மேற்கில் ஒருவரும் அசையவில்லை. உத்தரவில்லாமல் வேலையை நிறுத்தக்கூடாது என்பது மனேஜரின் கண்டிப்பு. சேகு நானா மட்டும் கையைக் காதில் வைத்தபடி எங்களை நோக்கி ஓடி வந்தார்.

தண்டவாளத்தை அடிக்கலாம் என்று வாசலுக்குப் பாய்ந்தேன். கட்டியிருந்த இடத்தில் வெறும் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, தண்டவாளம் என் ஹோர்னுக்குக் கீழே சீமெந்தில் நிற்கிறது என்று.

தெற்கிலிருந்து ஆட்கள் போய்ச் சேருமுன் மழை கொட்டிவிட்டது. மேற்குப் பாத்திக்காரர்கள் வெயிலில் வாரிக் குவித்த உப்பு சேற்றோடு சேறாகப் போயிற்று. பெண்கள் நனைந்தபடி நின்று அழுததைப் பார்த்தேன்.

4. மேசைக்கு முன்னால்

மறுநாள் காலையில் மனேஜரின் மேசைக்கு முன்னால் நானும் சேகு நானாவும் நின்றோம்.

"அந்தோனி, உம்மட மெசின் கதைச்சதா இல்லையா?"

"கதைச்சது ஐயா. தெக்கில எல்லாருக்கும் கேட்டது."

"அப்ப இவருக்கு ஏன் கேக்கேல்ல?"

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும். அதற்குத்தான் பயந்தேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மனேஜரே பதிலும் சொன்னார். "நீர்தானே அண்டைக்கே சொன்னீர், காது மந்தமெண்டு. காது கேக்காத ஆளைக் கங்காணியா வச்சிருக்கேலாது."

சேகு நானா என்னைப் பார்த்தார். அவர் தன் பக்கத்தைச் சொல்வார், நானும் தலையாட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். அவரோ தலைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பதினெட்டு வருடம் அங்கே வேலை செய்தவர்.

அடுத்த மாதம் இன்னொரு யூனிட் எடுப்பித்து இரண்டு குட்டை ஹோர்ன் செய்தேன். ஒன்று தெற்கே, ஒன்று மேற்கே. சொல் சொல்லாகக் கேட்டது. மனேஜர் முதுகில் தட்டினார். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

5. மதுரங்குளிச் சந்தி

சில வருடம் கழித்து மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரைக் கண்டேன். ஒரு தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாராம். ஒளிய நினைத்தேன். அவரே வந்து கையைப் பிடித்தார்.

"தம்பி, இப்ப சொல்லு வருதா?"

"ஓம் நானா. ரெண்டு பக்கமும் வருது."

"அல்ஹம்துலில்லாஹ். நல்லம்."

குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டார். 'நீங்கள் சொன்னது சரி' என்று ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பிறகு அவரைக் காணவில்லை.

இப்போது தங்கள் வீட்டில் ஸ்பீக்கர் செய்து பழகும் ஊர்ப் பிள்ளைகள், நீள ஹோர்ன் நல்லதா குட்டை நல்லதா என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்பீக்கரைக் கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதை முதலில் பாருங்கள். நீங்களே போய் அங்கே நின்று கேளுங்கள். போக முடியாவிட்டால், போய்வந்தவர் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள்.

சேகு நானாவின் காதில் ஒரு பழுதும் இருக்கவில்லை. என் ஹோர்ன்தான் பிழை. இதை அன்று அந்த மேசைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.