கடைத்தெருவில் தாசில்தார் மகன்

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இருந்தும் போடி கடைத்தெருவில் யாராவது, "நீங்க யாரு மகன்?" என்று கேட்டால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். ஏழு வயதில் ஒரு பிற்பகல் முழுக்க நான் தாசில்தார் மகனாக இருந்ததுதான் காரணம்.

அப்போதுதான் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து அம்மாவும் நானும் என் படிப்புக்காக ஊருக்குள் இறங்கியிருந்தோம். அப்பா தோட்டத்தில் தங்கிவிட்டார். சனிக்கிழமை ஜீப்பில் வருவார். கடைத்தெருவுக்குப் பின்னால், ஏலக்காய்க் குடோன்களை ஒட்டிய குறுகலான முடுக்கில் ஒற்றை அறை. நாளெல்லாம் வாசலில் ஆட்கள் போவார்கள், வருவார்கள். தெரிந்த முகம் ஒன்று இருக்காது. அம்மாவுக்கு ஊர் பிடிபடவில்லை. இரண்டு சட்டியும் ஒரு பாயும் தவிர எல்லாம் தகரப் பெட்டிக்குள் பூட்டியே கிடந்தன. "ஒரு மாசம் பாப்போம். ஒத்துவரலைன்னா மலைக்கே ஏறிருவோம்" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். குடோனுக்கு ஏலக்காய் பொறுக்கிப் பிரிக்கப் போகும்போது எனக்கும் தினம் ஒன்று சொல்வாள்: "முடுக்கத் தாண்டுன, கால ஒடிச்சிருவேன்."

அன்றைக்கு ஒரு ஜீப்பு ஹாரன் கேட்டது. அப்பா வருகிற ஜீப்புக்கு இருமுகிற மாதிரி ஒரு ஹாரன். சனிக்கிழமை இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை, ஓடினேன். ஜீப்பு நின்ற இடத்தில் நிறைய அப்பாக்கள் இறங்கினார்கள். ஒருவரும் என்னுடையவர் இல்லை. திரும்பிப் பார்த்தால் நாலு சந்து, நாலும் ஒன்று போல.

அழலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அழுதால் யாராவது விசாரிப்பார்கள். விசாரித்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் கால் போய்விடும். ஆகவே, நான் யாரென்று ஊருக்குத் தெரியக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கடைத்தெருவில் கீழே கடைகள், மேலே வீடுகள். மாடிக்காரர்கள் கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குவார்கள். அப்படிக் கூடையோடு நின்ற ஓர் அக்கா மேலிருந்தே கேட்டாள்: "யாரு மகன்டா நீ?"

"தாசில்தார் மகன்" என்றேன். என் கால்சட்டையின் பின்பக்கம் இரண்டு ஒட்டு இருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். உள்ளே திரும்பி யாரிடமோ ஏதோ சொன்னாள். பிறகு கூடை இறங்கியது, அதில் ஒரு முறுக்கு. "தாசில்தாரு வீடு மாவு மில்லத் தாண்டி சோத்தாங்கைப் பக்கம்ல இருக்கு. வெரசா போங்க தம்பி."

மாவு மில்லைத் தாண்டினால் பள்ளிவாசல் தெரு. கதவுகள் பாதி சாத்தியிருக்க, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பேச்சு மட்டும் கேட்கும். கடைத்தெரு இரைச்சலுக்கு அப்புறம் அந்த அமைதியே எனக்குக் கிலியாக இருந்தது. வாசலில் நாற்காலி போட்டிருந்த பாயும் அதே கேள்வியைக் கேட்டார். தெருவுக்குத் தக்கபடி மாற்றினேன்.

"பாய் மகன்."

"எந்த பாய்?"

"பெரிய பாய்."

"பேரு?"

அது தயாராக இல்லை. "அப்துல்... முருகன்."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நல்ல பேருப்பா. பெரிய பாய் வீடு குழாயடிகிட்ட இருக்கு. நம்ம பய அங்கனதான் போறான், பின்னாலயே போ."

அவர் மகன் சைக்கிளை ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான். நல்ல சைக்கிளை ஒருவன் எதற்குத் தள்ள வேண்டும்? கேரியரில் காலிச் சாக்கு ஒன்று இருந்தது. என் அளவுக்குக் கச்சிதமாக இருக்கும் போலிருந்தது. பிள்ளை பிடிக்கிறவனேதான் என்று நிச்சயமாகிவிட்டது. ஆனாலும் திரும்பிப் போக வழி தெரியாததால், பிடிபடப் போகிறவன் பிடிக்கிறவனுக்குப் பின்னால் சமர்த்தாக நடந்தேன்.

குழாயடி வந்தது. அதற்கடுத்து எங்கள் முடுக்கு. தாசில்தார் வீடும் பெரிய பாய் வீடும் எங்கள் வாசலுக்கே கொண்டுவந்து விட்டதில் எனக்கு ஆச்சரியமே தோன்றவில்லை. ஊரை ஏமாற்றிவிட்ட பெருமை மட்டும் இருந்தது.

அம்மா வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தாள். அடுப்பை மூட்டினாள். சோறு வடித்தாள். "தாசில்தாரே, கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

நான் இரண்டு காலையும் மடக்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

மாடி அக்காவின் தங்கை குடோனில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள். அவளுக்குச் சோறு கொண்டுபோகும்போது அம்மாவைப் பார்த்திருந்த அக்காவுக்கு, அந்த மூக்கு அப்படியே என் முகத்தில் தெரிந்ததாம். நான் முறுக்கைத் தின்று முடிப்பதற்குள் குடோனுக்கு ஆள் போய், "நீ சோலியப் பாருத்தா, பய எங்க தெருவுலதான் நிக்கிறான்" என்று சொல்லிவிட்டது. மாடி வீட்டிலிருந்து பாய்க்கும் முன்கூட்டியே தகவல் போயிருந்ததால், அடுத்த செய்தி பள்ளிவாசல் தெருவிலிருந்து. இதெல்லாம் நான் மீசை வைத்த பிறகு அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னது. இன்றைக்கும் கடைத்தெரு வழியாகப் போனால் அந்த மாடியைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவேன். கீழே செல்போன் கடைப் பையன்கள் தங்களுக்கென்று நினைத்துப் பதிலுக்குக் கும்பிடுகிறார்கள்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் அம்மா தகரப் பெட்டியை நடுவீட்டுக்கு இழுத்தாள். பூட்டைத் திறந்தாள். அப்பாவின் பழைய பெல்ட்டு அதற்குள்தான் இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன். போர்வைகள் வெளியே வந்தன. பாத்திரங்கள் வந்தன. அப்புறம் அம்மா, முதல் தடவையாகப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "அக்கா, சுத்தியல் இருந்தா கொண்டாங்களேன்" என்று கேட்டாள்.

பெல்ட்டு இல்லை, சுத்தியல். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். டொக் டொக் என்று சத்தம் கேட்டது. காலைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டும் இருந்தன. சுவரில் ஆணி அடித்து, அப்பாவும் அம்மாவும் இருக்கிற கல்யாணப் படத்தை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தப்பித்தோம் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குப் புரிந்தது.