முழங்காலுக்குக் கீழே

பிள்ளையார்பாளையத்தில் ஜெயம்மாளின் வாய்க்கு அஞ்சாதவர் கிடையாது. விடியற்காலையில் அவள் தெருவை அடைத்துத் தறிக்கான பாவு நூலை நீட்டும்போது எவனாவது சைக்கிளை ஒட்டினாற்போல் ஓட்டிக்கொண்டு வந்தால் தொலைந்தான். அவன் பரம்பரையையே வீதிக்கு இழுத்துவிடுவாள். இருபத்தாறு வருஷமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. தெரு நெடுக மரக்கம்புகளை நிறுத்தி, பட்டு நூலை இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டித் தறிக்கு அனுப்பிவிட வேண்டும். புருஷன் முருகேசன் தறியில் உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டார். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அவர்களுடைய ஒரே பிள்ளை ஆதிகேசவன் காலேஜில் பி.ஏ. இரண்டாம் வருஷம். கால்பந்து டீமில் சென்டர் ஃபார்வர்டு. அறுபத்தெட்டாம் வருஷம் அந்த டீமைப் பிடித்த பீடை என்னவோ, ஐந்து மேட்ச் ஆடியும் ஒரு கோல் விழவில்லை. ஊருக்குக் கேட்கவா வேண்டும்! பந்தைக் காலால் தொட்டறியாதவனெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னான். ஒருத்தன் மைதானத்தைச் சொன்னான், ஒருத்தன் டிரெயினிங்கைச் சொன்னான், இன்னொருத்தன் கோல் பக்கம் சனி பார்வை என்றான். பதினொரு பேர் ஆடித் தோற்றாலும் திட்டுவதற்கு ஒரு தலைதான் வேண்டும் இந்த ஊருக்கு. கடைசியில் அந்தத் தலை ஆதிகேசவனுடையதாகப் போயிற்று.

சேதியைக் கொண்டுவந்தவள் எதிர்வீட்டு அம்சா.

"காலேஜ் போர்டுல எழுதிப் போட்டுக்கீறாங்களாம் ஜெயம்மாக்கா. கோல் விழாததுக்கு உம்புள்ளதான் காரணமாம். ஞாயித்துக்கெழம கடைசி மேட்சுல அவன் கெடையாதாம்."

ஜெயம்மாள் கஞ்சிக் கையைக்கூடக் கழுவவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிள்ளை நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததன் காரணம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவனுக்கு அந்தப் பந்தைத் தவிர வேறு உலகம் கிடையாது.

மைதானத்தில் சாயங்காலப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. டீமுக்குப் பொறுப்பான பி.டி. மாஸ்டர் சாமுவேல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஜெயம்மாள் நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"பதினோரு பேர் ஆடிக்கினு எம்புள்ள பேரை மட்டும் எழுதினா இன்னா சார் நாயம்? யார் குத்தம்னு சரியாத் தெரிஞ்சுக்கினு, அந்த ஆள் பேரை எழுதுங்க. நாலு பேரு பாக்கட்டும்."

பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆதிகேசவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாமுவேல் கோபப்படவில்லை. "எனக்கு மட்டும் ஆசையாம்மா? இவன் மாதிரி பந்தை எடுத்துக்கினு போறவன் இந்த ஜில்லாவுல இல்ல. நாலு பேரை ஏமாத்திட்டுப் போவான். கோலுக்கு முன்னாடி போனதும் இன்னா ஆவுதுன்னு நீங்களே பாருங்க" என்றார். கோல்கீப்பர் ராஜகோபாலைக் கோலில் நிறுத்தினார். பந்தைப் பத்தடி தள்ளி வைத்து, "ஆதி, ஓங்கி உதைடா" என்றார்.

ஆதிகேசவன் வேகமாகத்தான் ஓடி வந்தான். ஆனால் பந்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவன் வலது கால் கணுவோடு திரும்பிக்கொண்டது. பந்து தரையோடு தரையாக உருண்டு போயிற்று. ராஜகோபால் குனிந்து ஒற்றைக் கையால் எடுத்தான். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை வேலிக்கு வெளியே நின்ற ஒருத்தன், "கோலி உருட்டுறான்டா" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா? இவனுக்கு இப்படி ஆடக் கத்துக்குடுத்தது யாரு? அந்த ஆள் கையில கெடைச்சா நானே ரெண்டு வார்த்தை கேட்டுடுவேன்" என்றார் சாமுவேல்.

அந்தக் கணு திரும்புகிற திருப்பு ஜெயம்மாளுக்கு நன்றாகத் தெரியும். வந்த வழியே திரும்பி நடந்தாள்.

ஆதிகேசவனுக்கு எட்டு வயது அப்போது. கல்யாணப் புடவைக்கான பாவு தெருவில் ஈரமாக நின்றது. பையன் உதைத்த பந்து நட்ட நடுவில் விழுந்து முப்பது நாற்பது இழைகளை அறுத்துவிட்டது. ஜெயம்மாள் அவனைத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போய், தோசைத் திருப்பியைக் காய்ச்சி, உதைத்த காலின் மேலேயே வைத்தாள். "இனிமே பந்து முழங்காலுக்கு மேல வந்துச்சு, இன்னொரு காலுக்கும் வைப்பேன்" என்றாள். அப்புறம் அவன் அதே தெருவில்தான் ஆடினான். பந்து பாவுக்கு அடியில் போகும், அடியிலேயே வரும். "எம்புள்ள ஆடினா ஒரு எழ அசையாது" என்று தெருவெல்லாம் பெருமை பேசினவளும் அவளேதான்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வைத்த சூடு இன்னுமா காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்? மறுநாள் காலை பாவு நீட்டி முடித்ததும் அவனைக் கூப்பிட்டாள். பந்தையும் கொண்டுவரச் சொன்னாள்.

"உதைடா."

"எங்கம்மா?"

"இங்கதான். பாவு மேல. ஓங்கி உதை."

"அறுந்துடும்மா."

"அறுந்தா நான் முடிஞ்சுக்கறேன். உதைடான்னா!"

தெருவே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. அம்சா, "உனக்கு இன்னா பைத்தியமா அக்கா?" என்றாள். ஆதிகேசவன் பின்னால் போனான், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் சத்தியமாக உதைக்கத்தான் வந்தான். கால் கேட்கவில்லை. கடைசி நொடியில் திரும்பிக்கொண்டது. பந்து பாவுக்கு அடியில் உருண்டு, அந்தப் பக்கம் போய், சாக்கடை ஓரத்தில் நின்றது.

ஒரு இழை அசையவில்லை.

ஆதிகேசவன் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். "எனக்கே தெரியலம்மா, ஏன் இப்படிப் போவுதுன்னு" என்றான். ஜெயம்மாளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறைய வேண்டியது அவனை இல்லை என்பதால் ஆத்திரம் இன்னும் பொங்கியது. "இதைப் பாத்துக்கோடி" என்று பாவை அம்சாவிடம் விட்டுவிட்டு, மறுபடி காலேஜுக்கு நடந்தாள். அவன் "வேணாம்மா, வேணாம்மா" என்று பின்னாலேயே ஓடி வந்தான்.

போர்டுக்குப் பக்கத்தில் டீம் பையன்கள் நின்றிருந்தார்கள். சாமுவேலும் இருந்தார்.

"ஆளைக் கண்டுபுடிச்சுட்டேன் சார், எழுதிக்கங்க. ஜெயம்மாள்" என்றாள். "பாவு மேல பந்து பட்டுச்சுன்னு எட்டு வயசுப் புள்ள கால்ல சூடு வச்சவ நான்தான். தூக்கி உதைக்காதன்னு சொன்னவளும் நான்தான். அவன் இன்னிக்கு வரைக்கும் அம்மா சொன்னதத்தான் செய்யறான்."

சாமுவேல் ஆதிகேசவனின் வெறுங்காலைப் பார்த்தார். வலது பாதத்தின் மேல் நீளமாகத் தழும்பு இருந்தது.

"அது வெந்நீர் கொட்டின தழும்புன்னு சொன்னானேம்மா?"

ஜெயம்மாள் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் முழுக்க அவன் பேரைச் சொல்லித் திட்டியபோதும் அவன் அவள் பேரைச் சொல்லவில்லை.

"உங்க பேரை எழுதினா கோல் விழுந்துடுமா?" என்று சாமுவேல் மெதுவாகக் கேட்டார்.

"விழாது சார். ஆனா அவன் பேரை எடுங்க."

அவர் டஸ்டரைத் தேடினார். அதற்குள் ஜெயம்மாள் முந்தானையால் போர்டை அழுத்தித் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.