ஒயில் முள்ளுக்குப் போட்ட துண்டு

நேற்று சமையலறையில் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தூக்கினேன். அதன் கழுத்தில் மாட்டியிருந்த ரப்பர் வளையம் கையோடு வந்துவிட்டது. வளையம் என்றா சொல்வது? வீங்கிக் கொழகொழத்து, இழுத்தால் நூலாக நீண்டு, விரலைவிட்டுப் போக மாட்டேன் என்றது. அடுப்படியில் நின்ற உங்கள் அம்மா அதைப் பார்த்தாள்.

"என்னங்க, வாஷரா?"

சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூட அவள் இதைச் சிரித்துக்கொண்டு கேட்டதில்லை. அதுதான் அவளுடைய கிண்டல். சின்னவன் "என்ன வாஷர்?" என்று கேட்டான். நீங்கள் யாருமே இந்தக் கதையை முழுசாகக் கேட்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. முன்னுக்குப் பின்னாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விரலை முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாசத்துக்கு அடியில் ரப்பர் வாசம் கொஞ்சம் இருந்தது. ருவான்வெல்லைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அந்த வாசம்தான் காற்று. புளித்த ரப்பர் பாலும், ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்து விறகுப் புகையும் கலந்து, கல்யாணச் சேலையில்கூட ஏறியிருக்கும். அங்கே எது கிழிந்தாலும் ஒழுகினாலும் ரப்பர்தான் மருந்து. பந்து பொத்தலானால் பால் தடவுவோம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் கூரைத் தகரம் ஒழுகினால் பழந்துணியைப் பாலில் தோய்த்து ஒட்டுவோம். செருப்பு வார் அறுந்தால் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டிக்கொள்வோம். பிள்ளைக்காம்பராவில் ஓர் ஆயம்மா இருந்தார். வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் ரப்பர் பாலில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் அந்தக் கண்ணாடி நாறும். குழந்தைகள் அழுவதில்லை, பழக்கம்.

சண்டைக் காலம் அது, தொண்ணூறுகளின் நடுவில். என்னிடம் பழைய இங்கிலீஷ் கார் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் பச்சை நிறம் என்று சொல்லிக்கொள்வேன். லயத்தில் கல்யாணமா, காய்ச்சலா, ரம்புக்கனைக்கு ரயிலேறப் போகிறவர்களா, எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடியது. எஞ்சினுக்குள் ஒயில் அமுக்கம் விழுந்தால் டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு லைட் எரிய வேண்டும். பகல் வெளிச்சத்தில் அது எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. கையால் மறைத்துக் குனிந்து பார்ப்பேன், அதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும்.

மூத்தவளே, உன்னை அம்மா சுமந்திருந்த மாதங்கள் அவை. கேகாலை ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோக வேண்டியது அந்தக் கார்தான். பாதி வழியில் ஒயில் ஏறாமல் எஞ்சின் இறுகி நின்றால்? இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கைவைத்தவன் எழுந்துபோய் பொனட்டைத் திறப்பேன். ஒயில் குச்சியை உருவித் துடைத்துச் சொருகி, மறுபடியும் உருவிப் பார்ப்பேன்.

"புள்ள பெறப்போறது நானா, காரா?" என்பாள் அம்மா.

அப்படித்தான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடையொன்றில், ஒயில் அமுக்கத்தை முள்ளால் காட்டும் கேஜ் ஒன்றைக் கண்டேன். உள்ளங்கை அளவு வட்டம், கறுப்பு முகம், வெள்ளை எண்கள், ஒரு முள். மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். கடைத்தெருவில் கராஜ் வைத்திருந்த குணே பாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிங்களவர். தமிழை அவருக்கு வசதியான மாதிரிப் பேசுவார், தம்பி என்பதற்கு மட்டும் மல்லி என்பார்.

"நல்ல சாமான் மல்லி. எஞ்சின்ல இருக்கிற லைட்டு சுவிச்ச கழட்டு. அந்த ஓட்டையில செம்புக் குழாய் பூட்டு. கேஜ் பக்கம் செம்பு வாஷர் கட்டாயம். எங்கிட்ட இப்ப இல்ல. திங்கக்கிழமை வா."

திங்கட்கிழமை வரை நான் எங்கே பொறுப்பது? ஞாயிற்றுக்கிழமையே வேலையைத் தொடங்கிவிட்டேன். லைட் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் குழாயைப் பூட்டினேன். எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவிலிருந்த தகரத்தில் ஓட்டை போட்டு, குழாயை உள்ளே இழுத்து, டாஷ்போர்டுக்குக் கீழே கேஜை மாட்டினேன். வாஷர்? ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு வாஷருக்கு அலைவதா? ஷீட்டில் வட்டமாக வெட்டி, நடுவில் ஆணியால் ஓட்டை போட்டு, வைத்து இறுக்கினேன். ஸ்டார்ட் செய்ததும் முள் துள்ளி அறுபதில் நின்றது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. லயமே வந்து பார்த்தது.

"என்ன தம்பி இது, மணிக்கூடா?" என்றார் ஆயம்மா.

"ஒயில் பிரஷர் பாக்குறது ஆயம்மா."

"காருக்கும் பிரஷரா? உப்பக் கொறைக்கச் சொல்லு."

நிம்மதிக்காகப் பூட்டிய சாமான் அது. ஆனால் எஞ்சின் சூடானால் முள் கொஞ்சம் இறங்கும். இறங்கத்தான் வேண்டும், பாஸ் சொல்லியிருந்தார். இருந்தாலும் அது இறங்கும்போதெல்லாம் என் நெஞ்சும் கூடவே இறங்கும். பாதையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். போகப் போக அது ஏறுவதிலும் ஒரு சோம்பல் தெரிந்தது.

ஒரு மழை நாள், மத்தியானம், அம்மாவுக்கு வலி கண்டது. பின்சீட்டில் அவளும் ஆயம்மாவும். பாலம் தாண்டி ஏற்றத்து வளைவில் அவளுக்கு வாந்தி வரவே, நிறுத்தி எஞ்சினையும் அணைத்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் ஓடியது, முள் மட்டும் அசையவில்லை. தட்டினேன். பூஜ்யத்திலேயே கிடந்தது. அணைத்துவிட்டு இறங்கி மழையில் ஒயில் குச்சியை உருவினேன். ஒயில் நிறைய இருந்தது. அப்படியானால் பம்ப்தான் போய்விட்டதா? லைட்டைப் பார்க்கலாமென்றால், அதன் சுவிட்சை நானே கழற்றி வைத்தாயிற்று. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். அப்போதும் அதே கதை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், வேறு வண்டி இல்லை. திரும்ப ஓடிப்போய்த் தோட்டத்து லொறியைக் கேட்கலாமா என்று கதவில் கைவைத்தேன்.

"ஏங்க, ஏன் நிக்கிறோம்?"

"முள்ளு ஏற மாட்டேங்குது."

"இங்க ஒரு உசுரு எறங்கப் பாக்குது, இவருக்கு முள்ளு ஏறலையாம்!" என்றார் ஆயம்மா.

அம்மா என் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்: "இந்த முள்ளு வர்றதுக்கு முன்ன எத வச்சு ஓட்டுனீங்க?"

"காத வச்சு."

"இப்ப காது என்ன சொல்லுது?"

கேட்டேன். மழைச் சத்தத்துக்கு அடியில் எஞ்சின் முதல்நாள் ஓடிய மாதிரியேதான் ஓடிக்கொண்டிருந்தது. தட்டல் இல்லை, அரைபடும் சத்தம் இல்லை.

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப போங்க." தோளில் கிடந்த துண்டை எடுத்து, எட்டி, கேஜின்மேல் போட்டாள்.

போனோம். கேகாலைக்கு முன்னால் சந்தியில் பொலிஸ் தடை இருந்தது. ஒரு பொலிஸ்காரர் என் அடையாள அட்டையை வாங்கினார். நான் யாரென்று அதிலேயே தெரிந்துவிடும். டாஷ்போர்டில் துணி மூடி ஏதோ இருப்பதைக் கண்டார். எடு என்றார். எடுத்தேன். மணிக்கூடு போல ஒன்று, அதன் பின்னால் எஞ்சினுக்குள் ஓடும் குழாய். தமிழன் ஓட்டும் காரில் அந்தக் காலத்தில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குச் சரளமாக வரும் சிங்களம் அன்றைக்கு எங்கே போனதோ! "தெல், சேர், தெல்" என்றேன். எண்ணெய் என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை.

அவர் குனிந்து நகத்தால் கேஜின் கண்ணாடியைத் தட்டினார். எண்ணெய் பார்க்கிற முள் பூஜ்யத்தில் கிடக்கிறதே, கார் எப்படி ஓடுகிறது என்று சிங்களத்தில் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் மாதிரி இருந்தது. அதற்குள் ஆயம்மா பின்னாலிருந்து, அவரைவிடச் சுத்தமான சிங்களத்தில், "மாத்தயா, இங்கயே பொறந்தா நீங்கதான் பேரு வைக்கணும்" என்றார். தடை உடனே மேலே போனது.

பொழுது சாய்வதற்குள் நீ பிறந்துவிட்டாய்.

பிறகு குணே பாஸ் கேஜின் பின்னால் குழாயைப் பிடித்திருந்த நட்டைக் கழற்றினார். என் வாஷர் சூட்டு ஒயிலில் ஊறி, வீங்கி, நடு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குள் ஒயில் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. முள் வரைக்கும்தான் அது வந்து சேரவில்லை. "ரப்பர் தோட்டத்து ஆளு! ஒயில்ல ரப்பர் நிக்காது தெரியாதா மல்லி?" என்று பாஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மழையைத் தடுக்கும், காற்றைத் தடுக்கும் என்று எங்களுக்குத் தெரியும். சூட்டு ஒயிலில் அதைப் போட்டுப் பார்க்க லயத்தில் யாருக்கு வேலை வந்தது?

செம்பு வாஷர் போட்டதும் முள் ஏறிவிட்டது. ஆனால் அம்மா துண்டை எடுக்க விடவில்லை. அவள் இல்லாதபோது ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்துக்கொள்வேன்.

போன மாதம் மாப்பிள்ளையின் காரில் அதே வழியாகக் கேகாலைக்குப் போனோம். கராஜ் இருந்த இடத்தில் போன் கடை. பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடக்கிறது. கண்ணாடியோடு ஆயம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் கார் பழைய இரும்புக்குப் போனது. சந்தியில் தடையும் இல்லை, அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். பாலம் தாண்டிய வளைவில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை வைத்திருக்கிறார்கள். ஜன்னலை இறக்கிப் பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை.

எதிரே பஸ் வர, மாப்பிள்ளை அங்கேயே நிறுத்தினார். எஞ்சின் சத்தம் பட்டென்று அற்றுப்போனது.

"தம்பி, எஞ்சின் நின்னுருச்சு!"

"இல்ல மாமா, இந்தக் கார் அப்படித்தான். நின்னா அதுவே அணஞ்சுக்கும்."

நான் காதைக் கொடுத்தேன். கேட்க ஒன்றுமில்லை. முன்னால் ஏதேதோ வெளிச்சங்கள், முள் மாதிரி எதுவும் இல்லை. பின்சீட்டிலிருந்து கைக்குட்டையோடு அம்மாவின் கை முன்னே நீண்டது. எதை மூடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு, என் முழங்காலில் வந்து அமர்ந்தது. ஆடிக்கொண்டிருந்த முழங்கால் அது.